மாலை எவருக்கு? திரைப்பட விருதுகளின் கதை

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்தபின் நம் பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் இளைஞர்கள் கூடிப் பேசுவது வழக்கம். தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்ட வாரமாயின் அன்று மறையுரையைப் பற்றி எவரும் நம்மிடம் கேட்பதில்லை. எந்த நடிகருக்குக் கிடைத்திருக்க வேண்டும், எந்தப் படம் புறக்கணிக்கப்பட்டது, ஆஸ்கருக்கு எதை அனுப்பியிருக்க வேண்டும் என்று குரல்கள் உயரும். அத்தகைய ஒரு காலையில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவரும், நம்மூர் வழக்கில் ‘சொல்தா’ என்று அழைக்கப்படுபவருமான முதியவர் ஒருவர், தடியை ஊன்றியபடி இளைஞர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நம் பக்கம் திரும்பிச் சொன்னார்: “சாமி, எழுபத்தோராம் வருசம் ரெண்டு ரிக்சாக்காரப் படம் வந்துச்சு. ஒருத்தர் வண்டியிலே நின்னு சண்டை போட்டார். ஒருத்தர் வண்டியை இழுத்தார். மெடல் சண்டை போட்டவருக்குப் போச்சு.”

இளைஞர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அரை நூற்றாண்டைக் கடந்தும் ஆறாத ஒரு மனக்குறை அந்த மனிதரிடம் இருப்பதைக் கண்டோம். அதன் வேரைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

1971ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் நடித்த ‘ரிக்சாக்காரன்’ வெளிவந்தது. அதே ஆண்டில் சிவாஜி கணேசன் கைரிக்சா இழுப்பவராக நடித்த ‘பாபு’வும் வெளிவந்தது. ஒரு குடும்பம் காட்டிய அன்புக்கு நன்றிக்கடனாக, தந்தையை இழந்த சிறுமியொருத்தியைத் தன் உழைப்பால் வளர்த்துப் படிக்க வைக்கும் கூலித் தொழிலாளியின் கதை அது. மலையாளத்தில் சத்யன் நடித்த ‘ஓடையில் நின்னு’வின் தமிழ் வடிவம். மனிதனை மனிதன் இழுக்கும் வண்டி புதுவைக்கு அந்நியமன்று. பின்னாலிருந்து ஆள் தள்ளிச் செல்லும் ‘புஷ் வண்டி’ பிரெஞ்சியர் காலத்தில் நம் தெருக்களில் ஓடியது. தமிழ்நாட்டில் கைரிக்சாவை அரசு ஒழித்தது 1973இல்தான். ஆகவே அவ்விரு படங்களையும் பார்த்த மக்கள், கொட்டகைக்கு வெளியே நின்றிருந்த வண்டிக்காரரோடு ஒப்பிட்டே பார்த்தனர். அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான ‘பாரத்’ விருது எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. சிவாஜி கணேசனுக்கு அது இறுதிவரை கிடைக்கவே இல்லை.

அரசியல்தான் காரணம் என்பது அன்று முதல் இன்றுவரை சொல்லப்படும் விளக்கம். 1971 மார்ச் மாதத் தேர்தலில் எம்.ஜி.ஆர். சார்ந்திருந்த தி.மு.க. இந்திரா காந்தி அம்மையாரின் கூட்டணியில் இருந்தது. சிவாஜியோ காமராசரின் பழைய காங்கிரசில் நின்றார். இவ்விரண்டும் உண்மையே. ஆனால் ஒரு தீர்ப்பு நமக்கு உவக்காதபோதெல்லாம் ‘அரசியல்’ என்று சொல்லி முடித்துவிடுவது எளிய வழி என்பது நம் கருத்து. அவ்விளக்கம் ஓர் ஆண்டுக்குப் பொருந்தலாம். ஏனைய ஆண்டுகளுக்கு என்ன சொல்வது?

இங்கே வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மைய அரசின் திரைப்பட விருதுகள் 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டன. மராத்தியில் வந்த ‘சியாம்ச்சி ஆயி’ தங்கப்பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே தமிழில் ‘மலைக்கள்ளன்’ குடியரசுத் தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்றது. ஆனால் அந்நாளில் விருது படத்துக்கு மட்டுமே, நடிப்புக்கென்று தனி விருது கிடையாது. சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்னும் பிரிவுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. முதல் விருதை வங்காளத்தின் உத்தம் குமாரும் இந்தியின் நர்கிசும் பெற்றனர்.

இதை நம் இளைஞர்களிடம் சொன்னபோது அவர்கள் வியந்தனர். ‘பராசக்தி’ 1952, ‘அந்த நாள்’ 1954, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959, ‘கர்ண’னும் ‘நவராத்திரி’யும் 1964, ‘திருவிளையாடல்’ 1965. சிவாஜி என்றதும் தமிழர் நெஞ்சில் எழும் பாத்திரங்களில் பெரும்பாலானவை, விருது என்ற ஒன்றே இல்லாத காலத்தில் நடிக்கப்பட்டவை. கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தில்லி தராத ஒன்றை எகிப்து தந்தது என்று மேடைகளில் முழங்குவார்கள். தருவதற்கு அன்று தில்லியிடம் அப்படியொரு விருதே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும்.

அப்படியானால் 1967க்குப் பின்? ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்தது. அவ்வாண்டு ‘ஆசீர்வாத்’ படத்துக்காக அசோக் குமார் பெற்றார். ‘தெய்வமகன்’ 1969இல் வந்தது. ‘புவன் ஷோம்’ படத்துக்காக உத்பல் தத் பெற்றார். ‘வியட்நாம் வீடு’ 1970இல் வந்தது. ‘தஸ்தக்’கிற்காக சஞ்சீவ் குமார் பெற்றார். ‘கௌரவம்’ வந்த 1973இல் ‘நிர்மால்யம்’ படத்தின் பி. ஜே. ஆண்டனி பெற்றார். ‘முதல் மரியாதை’ வந்த 1985இல் ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்தின் சசி கபூர் பெற்றார். இவர்களுள் எவரும் தகுதியற்றவர் அல்லர். ‘நிர்மால்ய’த்தில் வெளிச்சப்பாடாக வந்து தேவியின் சந்நிதியிலேயே சரிந்து விழும் ஆண்டனியைப் பார்த்தவர்கள் அவ்விருதைக் குறைகூற மாட்டார்கள். ‘முதல் மரியாதை’யைப் பொறுத்தவரை நம் நெஞ்சு ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆற்றங்கரையிலும் வயல்வரப்பிலும் குரலைத் தாழ்த்தி, தோள்களைத் தளர்த்தி, பேசாமலே பாதிக் கதையைச் சொல்லிவிடும் அந்த முதியவரைக் கண்ட பிறகு, சிவாஜிக்கு அடக்கி நடிக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. அப்படம் சிறந்த தமிழ்ப் படமாகவும், அதன் பாடல்களுக்காக வைரமுத்து சிறந்த பாடலாசிரியராகவும் தேர்வாயின. நடுவில் நின்ற மனிதர் மட்டும் விடுபட்டார்.

1969ஆம் ஆண்டைச் சற்றே கூர்ந்து நோக்கினால் வழக்கின் முடிச்சு புலப்படுகிறது. அவ்வாண்டு மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ தேசிய விருதுகளில் சிறந்த படம். குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில், பெரிய நடிகர் கூட்டமின்றி எடுக்கப்பட்டது. இந்தியாவின் புதிய அலை அதிலிருந்து தொடங்குவதாகத் திரை வரலாற்றாசிரியர் எழுதுவர். அதே ஆண்டில் இந்தியாவின் சார்பாக ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டதோ ‘தெய்வமகன்’. ஏ. சி. திருலோகசந்தர் இயக்கத்தில் தந்தையும் இரு மகன்களுமாக மூன்று வேடங்களில் சிவாஜி நடித்த படம். ஆஸ்கருக்குச் சென்ற முதல் தமிழ்ப் படமும் அதுவே. ஒரே நாட்டின் இரு குழுக்கள் ஒரே ஆண்டில் இரண்டு துருவங்களைச் சுட்டின. அரசின் நடுவர் குழு ஒன்று, திரைத்தொழிலாளரும் தயாரிப்பாளரும் சேர்ந்த கூட்டமைப்பின் தேர்வுக்குழு மற்றொன்று. அங்கே அயல்மொழிப் பட விருது கோஸ்தா கவ்ரா இயக்கிய ‘இசட்’ என்னும் பிரெஞ்சு மொழிப் படத்துக்குச் சென்றது. அதை அனுப்பியது பிரான்சு அன்று, அல்ஜீரியா. நம் முதியவரோடு ஒரே படையில் இருந்தவர்கள் சிலர் அல்ஜீரியப் போருக்குச் சென்றவர்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனவே இச்செய்தியை அவரிடம் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார்.

புதிய அலை உயர்ந்த கலை, பழைய நடிப்பு மிகை என்னும் அளவுகோல் அப்போது உருவாயிற்று. அது முற்றிலும் தவறென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் தமிழ் நடிப்பு எங்கிருந்து வந்தது என்பதை அந்த அளவுகோல் கணக்கில் கொள்ளவில்லை. அதை அறிய நாம் தில்லிக்குப் போக வேண்டியதில்லை, கருவடிக்குப்பம்வரை போனால் போதும். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடிச் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13ஆம் நாள் நம் புதுவையில்தான் காலமானார். அவர் உறங்கும் இடம் அங்கேதான் உள்ளது. பாடவும் பேசவும் சிறுவர்களைப் பழக்கி ‘பாலர் சபை’ நடத்திய மரபு அவருடையது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் கேட்க வேண்டும், கண்ணின் அசைவு தெரிய வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த குரல் அது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அத்தகைய சிறுவர் நாடகக் குழுக்களில் பட்டினியும் பயிற்சியுமாய் வளர்ந்தவர்கள். அந்த மரபின் உச்சியை, ஒரு பேராசிரியரின் அமைதியான முகபாவத்தை அளக்கும் கோலால் அளந்தால் குறை தென்படுவது இயல்பே. கதகளியைக் கண்டு ‘இவர் ஏன் இப்படிக் கண்ணை உருட்டுகிறார்’ என்று கேட்பது போன்றது அது.

இதே நாடகம் 1990இல் மறுபடி நடந்தது. இம்முறை இருபுறமும் தமிழ்ப் படங்கள். கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய ‘மறுபக்கம்’ அவ்வாண்டின் தங்கத் தாமரையைப் பெற்றது. அப்பெருமை பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அதன் மூலக்கதையான ‘உச்சி வெயில்’ இந்திரா பார்த்தசாரதி எழுதியது. அவர் அக்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். ஆஸ்கருக்கோ அதே ஆண்டில் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ சென்றது. தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் ‘அஞ்சலி’, சிறந்த இந்தியப் படம் ‘மறுபக்கம்’! இன்று நம் இளைஞர்களில் ‘மறுபக்கம்’ பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. ‘அஞ்சலி’யின் பாடல்களை எல்லாரும் அறிந்திருந்தனர். தங்கத் தாமரை பெற்றும் மக்கள் நினைவில் தங்காத படங்களின் வரிசையில் ஒரு தமிழ்ப் படமும் சேர்ந்துவிட்டதே என்னும் வருத்தம் நமக்கு உண்டு.

ஆஸ்கரைப் பற்றிய ஏக்கம் தனிக் கதை. இந்தியா அனுப்பியவற்றுள் இறுதி ஐந்துக்குள் நுழைந்தவை ‘மதர் இந்தியா’ (1957), ‘சலாம் பாம்பே’ (1988), ‘லகான்’ (2001) ஆகிய மூன்றே. தமிழிலிருந்து ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘ஹே ராம்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எனப் பலவும் சென்று திரும்பின. ‘ஜீன்ஸ்’ எப்படிச் சென்றது என்று கேட்டால் அன்றும் இன்றும் பலர் நகைப்பர், அந்நகைப்பில் நாமும் சேர்வோம். சத்யஜித் ரேயின் ‘அபூர் சன்சார்’, ‘மகாநகர்’, ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ மூன்றும் அனுப்பப்பட்டு மூன்றும் இறுதிச் சுற்றை எட்டவில்லை. 1992இல் கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் அளிக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் மறைந்தார்.

நம் திருச்சபையும் இவ்வழக்கில் குற்றமற்றதன்று. திரைப்படக்கலையின் நூற்றாண்டை ஒட்டி 1995இல் வத்திக்கான், சமயம், விழுமியங்கள், கலை என மூன்று பிரிவுகளில் பதினைந்து பதினைந்தாக 45 படங்களின் பட்டியலை வெளியிட்டது. பெர்க்மனும் குரோசவாவும் தார்க்கோவ்ஸ்கியும் அதில் உண்டு. இந்திய இயக்குநர் ஒருவர்கூட இல்லை. இந்தியாவைக் கதைக்களமாகக் கொண்ட ‘காந்தி’ மட்டும் உண்டு, அதை இயக்கியவர் ஆங்கிலேயர். ‘பதேர் பாஞ்சாலி’யில் மழையில் நனையும் அந்தச் சிறுமியிடம் மனித மாண்பு இல்லையென்று உரோமையில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. புறக்கணிப்புகளில் பெரும்பாலானவை பகையால் நேர்வதில்லை என்பதற்கு இதுவே நமக்குக் கிடைத்த சான்று. ஒருவரைப் புனிதராக அறிவிக்குமுன் அவருக்கு எதிராக வாதிட ஓர் அதிகாரியை நியமிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். 1983இல் அந்நடைமுறை மாற்றப்பட்டது. திரைப்பட நடுவர் குழுக்களிலோ தேர்வானவருக்கு எதிராக வாதிட ஆள் தேவையில்லை, அதற்கு நாடே இருக்கிறது. விடுபட்டவருக்காக வாதிடத்தான் ஓர் ஆசனம் போட வேண்டும் என்று தோன்றுகிறது.

நடுவரின் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால்தான் அதன் வெப்பம் தெரியும். 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. சிறந்த இசையமைப்பாளர் யார் என்பதில் ‘தேவர் மகன்’ இளையராஜாவுக்கும் ‘ரோஜா’வின் புதியவர் ஏ. ஆர். ரகுமானுக்கும் வாக்குகள் சமமாக நின்றன. தலைவரின் வாக்கு முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ‘மூடுபனி’ தொடங்கித் தம் படங்களுக்கெல்லாம் உயிரூட்டிய நண்பரை விடுத்து, முதல் படத்திலேயே புதிய ஒலியைக் கொணர்ந்த இளைஞருக்கு அவர் வாக்களித்தார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நண்பர்மீது இருந்த அன்பு அதனால் குறையவில்லை, அதன்பின்னும் இருவரும் சேர்ந்தே பணியாற்றினர். அதே ஆண்டில் ‘தேவர் மக’னின் பெரிய தேவருக்காகச் சிவாஜிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. நாற்பதாண்டு உழைப்புக்குப்பின் நீட்டப்பட்ட ஆறுதல் பரிசை மறுத்தது செருக்கு என்று சிலர் கூறினர். நமக்கு அது செருக்காகத் தோன்றவில்லை.

இங்கே நம் சொந்தக் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஓரிடத்தில் இளைஞர் நாடகப் போட்டிக்கு மூன்று நடுவர்களுள் ஒருவராக அமர்ந்தோம். மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம். முடிவு நம் கையில் வந்தது. ஊதாரி மைந்தன் கதையில் தந்தையாக வந்து நெடிய வசனத்தை மூச்சுவிடாமல் பேசி அரங்கைக் கைதட்ட வைத்த இளைஞனுக்கு முதற்பரிசு தந்தோம். இன்னொரு நாடகத்தில், மகன் இறந்த செய்தி கேட்டு முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே இருந்த ஒரு பெண் வந்தாள். அவளுக்கு வசனமே இல்லை. அன்றிரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது நம் செவியில் எஞ்சி நின்றது அந்த முறத்தின் ஓசைதான். இளைஞனின் வசனத்தில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. மறுநாள் சென்று மாற்றிச் சொல்ல வழியில்லை. அந்தப் பெண் நம்மிடம் எதுவும் கேட்கவுமில்லை. இதுவரை பிறரைப் பழித்து எழுதியதை மீண்டும் படித்துப் பார்க்கையில், சிவாஜியை மறந்த நடுவர்களுக்கு ஓசை மிகுதியாகத் தோன்றியது, நமக்கோ ஓசை மட்டுமே கேட்டது என்பது விளங்குகிறது.

புதுவைக்கும் ஆஸ்கருக்கும் நேர்த்தொடர்பு ஏற்பட்டது ‘லைஃப் ஆஃப் பை’ வழியாக. 2011 சனவரி 18ஆம் நாள் முத்தியால்பேட்டைச் செபமாலை அன்னை ஆலயத்தில் அதன் படப்பிடிப்பு தொடங்கியபோது ஊரே திரண்டது. நம் தாவரவியல் பூங்கா விலங்குக் காட்சிசாலையாக மாறிற்று. 2013இல் அப்படம் 11 பரிந்துரைகளைப் பெற்று, ஆங் லீயின் இயக்கம் உள்ளிட்ட நான்கு விருதுகளை வென்றது. பம்பாய் ஜெயஸ்ரீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு சிறந்த பாடலுக்கான பரிந்துரையில் இடம்பெற்றது. நடிப்புக்கோ ஒரு பரிந்துரையும் இல்லை. படகில் ஒற்றையாளாய் ஏறத்தாழ முழுப்படத்தையும் சுமந்த சூரஜ் சர்மா, எதிரே இல்லாத புலியை இருப்பதாக எண்ணி நடித்தவர். அந்தப் புலியை உருவாக்கிய நிறுவனம், விருது விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் திவாலானது. காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்றவர் மேடையில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வாத்திய இசை எழும்பி அவர் குரலை மூடிற்று.

நம் ஊரிலும் விருது உண்டு. புதுவை அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் சிறந்த படத்துக்குப் பரிசு அளிக்கப்படுகிறது. 2018இன் படங்களில் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ அதைப் பெற்றது. அவ்வாண்டு தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படமாக அறிவிக்கப்பட்டது, முதியோரை எண்ணெய்க் குளியலால் சாகடிக்கும் கொடிய வழக்கத்தைப் பற்றிய ‘பாரம்’. மீண்டும் இரு தீர்ப்புகள். இம்முறை இரண்டுமே சரியென்று நமக்குத் தோன்றிற்று. வகுப்பறையிலிருந்து அவமானப்பட்டு வெளியேறும் மாணவனின் கதையும், படுக்கையில் கிடக்கும் கிழவரின் கதையும் நம் பங்குகளிலேயே உள்ளவை.

சிவாஜிக்குப் பிரெஞ்சு அரசு 1995இல் செவாலியே பட்டம் அளித்தது. ஆண்டுதோறும் சூலை 14இல் பதக்கங்களை மார்பில் அணிந்து நடக்கும் சொல்தாக்களின் ஊரில் அச்சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. தாதாசாகேப் பால்கே விருது 1996ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. 2001 சூலை 21இல் அவர் மறைந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருக்குச் சிலை எழுந்தது.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறு நம் முதியவரிடம் விளக்கினோம். ‘பாரத்’ விருது 1967க்கு முன் இல்லை என்பதையும், உத்பல் தத்தும் ஆண்டனியும் எளியவர் அல்லர் என்பதையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பின்பு, “அது சரி சாமி, நீங்க ‘பாபு’ பாத்தீங்களா?” என்றார். சிறுவயதில் எங்கோ பாதி பார்த்ததாகச் சொன்னோம். “மொதல்ல முழுசாப் பாருங்க” என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வெளியே ஆட்டோ நின்றது. ஓட்டுநரிடம் அவர் சொன்னது நமக்குக் கேட்டது: “சிவாஜி சிலைக்குப் போப்பா.”